சல்மோராவின் சிக்கனக் குழு

"மூண்டு பேர் எண்டல்லோ சொன்னனீங்கள்?"

சூரிச் விமான நிலையத்தில் ஜெகதீஸ்வரன் இப்படிக் கேட்டபோது அவர் முன்னால் ஏழு பேர் நின்றார்கள். ஏழு பேருக்கும் கழுத்துப்பட்டி. ஏழு பேருக்கும் பெரிய பெட்டி.

"குழு என்பது மூன்று பேர்தான் ஐயா," என்றார் மொழிபெயர்ப்பாளர் இரத்தினம். "மற்ற நால்வரும் அந்த மூவரின் செலவைக் கண்காணிக்க வந்தவர்கள்."

இரத்தினத்தின் முப்பாட்டனை ஒரு காலத்தில் கரும்பு வெட்டச் சல்மோராவுக்குக் கப்பலேற்றியிருந்தார்கள். தமிழைப் புத்தகத்தில் படித்தவராதலால் அச்சடித்ததுபோலப் பேசினார்.

சல்மோரா இந்து சமுத்திரத்தில் ஒரு குட்டித் தீவு நாடு. வரைபடத்தில் அதன் பெயரை நிலத்தில் எழுத இடமில்லாமல் கடலில் எழுதியிருப்பார்கள். அந்த நாட்டுக்குச் சுவிஸில் கௌரவத் தூதர், பேர்ணில் துப்புரவு நிறுவனம் நடத்தும் ஜெகதீஸ்வரன். சம்பளம் கிடையாது. பேர்ணின் பூம்ப்ளிஸ் பகுதியில் அவருடைய வீட்டு வாசலில் ஒரு பித்தளைப் பலகை, பல்கனியில் ஒரு கொடி. அவற்றைவிடப் பெரிது, தமிழர் விழாக்களில் முன்வரிசைக் கதிரை. தூதராகும்வரை ஒவ்வொரு கலைவிழாவையும் அவர் பயண முகவர் யோகராஜாவின் பிடரிக்குப் பின்னாலிருந்துதான் பார்த்தார்.

அந்தக் கதிரைக்குத்தான் இப்போது ஆபத்து. சல்மோராவின் நிதி அமைச்சு செலவைக் குறைக்கப்போகிறதாம். தேவையற்ற தூதரகங்களை மூட, அமைச்சரே சிக்கனக் குழுவோடு நேரில் வருகிறாராம்.

"உங்களால அவைக்கு என்னப்பா செலவு? ஒரு சதம் தாறேல்லையே, எதை வெட்டப் போயினம்?" என்று மனைவி தில்லைநாயகி முதல்நாளே கேட்டிருந்தாள்.

"அதுதான் பயமாக் கிடக்கு. வெட்டிறதுக்கு ஒண்டும் இல்லாட்டி ஆளையே வெட்டிப்போடுவினம்."

அமைச்சர் தெலவார் மெலிந்த, துக்கமான மனிதர். அவரிடம் ஏதாவது கேட்டால், பதில் வருவதற்குள் வெளியே ஒரு மழை பெய்து ஓய்ந்துவிடும். ஏழு பேருக்கும் ஹோட்டலில் அறை எடுக்கிறேன் என்று ஜெகதீஸ்வரன் சொன்னதும் அவர் நெடுநேரம் மௌனமாக இருந்தார்.

"மக்கள் பணத்தில் ஹோட்டலா என்று அமைச்சர் வருந்துகிறார்," என்றார் இரத்தினம். "தூதரகத்திலேயே தங்குவாராம்."

தூதரகம் என்பது ஜெகதீஸ்வரனின் வரவேற்பறை. ஏழு பேரும் அங்கேயும் படுக்கையறைகளிலும் பரவினார்கள். தூதரும் மனைவியும் துடைப்பங்களும் சவர்க்காரத் தூளும் வைக்கும் சிறிய அறைக்குப் போனார்கள். ஏற்கெனவே பதிவுசெய்த மூன்று அறைகளின் காசை ஹோட்டல் திருப்பித் தரவில்லை.

மறுநாள் காலை தில்லைநாயகி தக்காளி வாங்கி வரச் சொன்னாள். சிக்கனக் குழு குறுக்கிட்டது. நிதி அமைச்சின் விதிப்படி எதை வாங்கினாலும் மூன்று இடத்தில் விலை கேட்கவேண்டும். ஜெகதீஸ்வரன் மூன்று கடைகளுக்குக் காரில் போனார். கண்காணிப்பாளர் நால்வரும் கூடவே போய் விலையைக் குறித்துக்கொண்டார்கள். மலிவான தக்காளி மூன்றாவது கடையில் இருந்தது. கார், நிறுத்தக்கூடாத இடத்தில் இருந்தது.

"இந்தத் தண்டப்பணத்தை என்ன செய்யிறது எண்டு கேளும் தம்பி," என்றார் ஜெகதீஸ்வரன்.

இரத்தினம் கேட்டார். அமைச்சர் ஒரு தக்காளியைக் கையிலெடுத்து உருட்டிப் பார்த்தார்.

"தக்காளியில் நாற்பது சதம் மிச்சம் பிடித்ததற்காக உங்களைப் பாராட்டுகிறார் ஐயா."

இதுவரை கையை மட்டும்தான் கடித்தது. வியாழக்கிழமை விஷயம் மாடிப்படி ஏறி வந்தது. சலவைக்கடைக்குக் கொடுப்பது ஊதாரித்தனம் என்று முடிவுசெய்த குழு, கட்டடத்தின் நிலவறையில் இருந்த பொதுச் சலவை இயந்திரத்தில் ஏழு பேரின் சட்டைகளையும் போட்டுவிட்டது. அந்த இயந்திரத்தை வீட்டுக்கு ஒரு நாள் என்று முறைவைத்துப் பங்கிட்டிருந்தார்கள்; அன்று மூன்றாம் மாடி ஸ்பிண்டன் அம்மையாரின் சலவை நாள். இந்த நாட்டில் மனிதர்கள் கட்டிய மனைவி ஓடிப்போனால்கூட ஒருநாள் மன்னிப்பார்கள். சலவை நாளில் கைவைத்தவனை மன்னிக்கமாட்டார்கள்.

"ஈரமான பதினான்கு சட்டைகள்!" என்று வாசலில் நின்று ஜெர்மனில் கத்தினார் அம்மையார். "யாருடையது?"

ஜெகதீஸ்வரன் நெஞ்சை நிமிர்த்தினார். "அவை ராஜதந்திரச் சட்டைகள். இது ஒரு தூதரகம்."

"ஓ, அப்படியா? அப்படியென்றால் இது வீடு இல்லை, அலுவலகம்," என்றார் அம்மையார் மிக அமைதியாக. அந்த அமைதி ஜெகதீஸ்வரனுக்குப் பிடிக்கவில்லை.

பிற்பகலே கட்டட நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்தார். அலுவலகமென்றால் அலுவலக வாடகை, இரண்டு மடங்கு என்றார்.

"ஐயையோ, இது வீடுதான்! தூதரகமும் இல்லை, ஒன்றும் இல்லை," என்று ஜெகதீஸ்வரன் ஜெர்மனில் பதறினார். "இவர்கள் என் சொந்தக்காரர்கள்."

நிர்வாகி எட்டிப் பார்த்தார். ஏழு கழுத்துப்பட்டிகள் வரிசையாக இருந்து புட்டுச் சாப்பிட்டன.

"எல்லோருமா?"

"ஒருவர் மாமா. மற்றவர்கள் மைத்துனர்கள்."

நிர்வாகி போனதும் இரத்தினம் கேட்டார்: "என்ன பேசினீர்கள் ஐயா?"

ஜெகதீஸ்வரன் வாயைத் திறக்குமுன், மூன்று நாளாகத் துடைப்பங்களோடு படுத்த தில்லைநாயகி பதில் சொன்னாள்.

"இது தூதரகம் இல்லை, வெறும் வீடு எண்டு சொல்லிப்போட்டார் தம்பி."

இரத்தினம் கடமை தவறாமல் மொழிபெயர்த்தார். அமைச்சர் புட்டைக் கீழே வைத்தார். குளிர்சாதனப் பெட்டி ஒருமுறை உறுமி நின்றது.

"அமைச்சர் கேட்கிறார் ஐயா. இங்கே தூதரகமே இல்லையென்றால், நாங்கள் எதை ஆய்வுசெய்ய வந்திருக்கிறோம்?"

ஜெகதீஸ்வரனின் கண்முன் யோகராஜாவின் பிடரி வந்து நின்றது.

"இது வீடு. தூதரகம் வேற இடத்தில இருக்கு. நாளைக்குக் காட்டிறன் எண்டு சொல்லும்!"

வெள்ளிக்கிழமை காலை ஒய்ரோப்பா பிளாட்ஸ் சதுக்கத்துக்கு அருகே ஓர் அலுவலக அறையை வாடகைக்கு எடுத்தார். ஒரு வருடத்துக்குக் குறைவாகத் தரமாட்டோம் என்றார்கள். கையெழுத்து வைத்தார். பித்தளைப் பலகையைக் கழற்றி அங்கே பூட்டினார். வெறும் அறையில் ஆள் வேண்டுமே. ஒரு பல் வைத்தியரின் மருத்துவமனையைத் துடைத்துக்கொண்டிருந்த தன் பணியாளர் மயூரியைப் பாதி வேலையில் கூப்பிட்டு மேசையில் இருத்தினார்.

"நான் என்னண்ணை செய்யவேணும்?"

"உன்ர போன் அடிச்சா எடுத்து, 'சல்மோரா தூதரகம்' எண்டு சொல்லு."

"ஆரண்ணை அடிக்கப் போயினம்?"

"நான்தான். வெளியில நிண்டு."

அப்படியே நடந்தது. குழு உள்ளே இருந்தபோது ஜெகதீஸ்வரன் ஒன்பது முறை வெளியே போய்வந்தார். மயூரி ஒன்பது முறையும் மரியாதையாகப் பேசினாள். பத்தாவதாக மணி அடித்தபோது பல் வைத்தியர் பேசினார். பாதியில் விட்ட தரைக்காக ஒப்பந்தத்தை ரத்துச் செய்துவிட்டாராம்.

அமைச்சர் சுழல் நாற்காலியில் அமர்ந்து, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். சுவரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கண்காணிப்பாளர் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். அந்தத் தலையசைப்பை எப்படி எடுப்பதென்று தெரியாமல் ஜெகதீஸ்வரன் அன்றிரவு தூங்கவில்லை.

"போனாப் போகட்டும் விடுங்கோவன்," என்றாள் தில்லைநாயகி. "இல்லாத நாட்டுக்கு ஒரு தூதர்."

"நாடு இருக்கப்பா."

"அப்ப காசுதான் இல்லையாக்கும்."

சனிக்கிழமை குழு ஒஸ்லோவுக்குப் புறப்பட்டது. அடுத்த ஆய்வு அங்கே. போகும் ரிக்கெற்றை முன்கூட்டியே எடுத்து வருவது வீண்செலவு என்று நிதி அமைச்சு கருதியிருந்ததால், ஏழு ரிக்கெற்றுகளும் ஜெகதீஸ்வரனின் கடனட்டையில் ஏறின. அமைச்சர் அவருடைய கைகளைப் பற்றினார். கண்கள் கலங்கியிருந்தன. பிறகு திரும்பி நடந்தார்.

சாவு வீட்டில்தான் இப்படிக் கைபிடிப்பார்கள். ஜெகதீஸ்வரன், கடைசியாகப் போய்க்கொண்டிருந்த இரத்தினத்தின் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி, ஒளிக்காமல் சொல்லும். என்ர தூதரகத்தை மூடப் போயினமோ?"

இரத்தினம் திடுக்கிட்டுப் போனார்.

"மூடுவதா? ஐயா, எங்கள் வரவுசெலவுத் திட்டத்தில் கௌரவத் தூதர்களை வருமானப் பக்கத்தில், கருவாட்டு ஏற்றுமதிக்கும் மேலே அல்லவா போட்டிருக்கிறார்கள்!"