உளிக்கு உறை, எனக்குக் குளியல்

எங்கள் வீட்டுக் கருவி எதுவும் இனி உறையில்லாமல் கிடக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். உளி, அரிவாள், குறடு எல்லாவற்றுக்கும் என் கையாலேயே தோலுறை. திண்டிவனம் கடைத்தெருவில் துண்டுத் தோல், குத்தூசி, மெழுகு நூல் எல்லாம் வாங்கியாகிவிட்டது. பாக்கி, என் மனைவி தர்மதேவியின் சம்மதம்தான்.

"நாம நயினாருங்க, ஜைனருங்க. செருப்பையே தெருவுல வுட்டுட்டு வர்ற வூடு இது. தோலு உள்ள வரலாமா?"

"பொழுதுபோக்குக்குத்தான், தர்மா. கிணத்தாண்ட கொட்டாயில வெச்சித் தைக்கிறேன்."

"தாராளமா தைங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கோவம் இல்லியே?"

"எனக்கு எதுக்குங்க கோவம்? தோலத் தொட்டா தலை முழுகிட்டு உள்ள வாங்க. அவ்ளோதான்."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அது கார்த்திகை மாதம் என்பதை நினைக்கவில்லை.

மறுநாள் ஆபீஸ் விட்டதும் நேரே கொட்டகை. உளிக்கு நாலு தையல் போட்டேன். கிணற்றில் இறைத்து ஊற்றிக்கொண்டு, பல் கிட்டிக்க உள்ளே வந்தேன். அடுப்பு மெழுகிக் கிடந்தது.

"சோறு?"

"பொழுது சாஞ்சிப் போச்சேங்க. இருட்டுனா நாம சாப்பிடறதில்லியே."

பிறந்ததிலிருந்து தெரிந்த வழக்கம்தான். வயிற்றுக்குத்தான் அன்று புதிதாக இருந்தது.

அடுத்த நாள் உஷாரானேன். முதலில் சோறு, அப்புறம்தான் தோல்.

"இன்னும் உலை கொதிக்கலங்க. சும்மா ஒக்காந்துகினு இருக்கறதுக்கு ரெண்டு தையல் போடுங்களேன்" என்றாள், அன்பாக.

போட்டேன். ஊசி தோலுக்குள் போன மறுநொடி, "ஏங்க, எல போட்டாச்சு! ஜல்தி வாங்க!"

கிணற்றுக்கு ஓடினேன். தலை துவட்டி நிமிர்ந்தால் சூரியனைக் காணோம். அவனும் அவள் கட்சி.

பக்கத்து வீட்டு துரைக்கண்ணு வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். "இன்னா நயினாரே, தினம் இருட்டுல குளியலு? மலைக்கு மாலை போட்டுக்கினீங்களா?"

அவர் வீட்டில் மல்லாட்டை வறுக்கும் வாசனை. பதில் சொல்ல வாயைத் திறந்தால் எச்சில்தான் வந்தது.

உளிக்குப் பாதி உறை ஏறுவதற்குள் என் பேண்ட் இடுப்பில் நிற்க மறுத்தது. அப்போதுதான் மூளை வேலை செய்தது. ரெக்சின்! பார்க்கத் தோல் மாதிரி; மாடும் இல்லை, குளியலும் இல்லை. ஒரு சுருள் வாங்கி வந்தேன்.

"இது தோலே இல்ல, தர்மா. இத்தத் தொட்டுட்டு நேரா சாப்பாட்டுக்கு ஒக்காரலாம்."

தடவிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "அப்ப வூட்டுக்குள்ளயே ஒக்காந்து தைக்கலாம்?"

"அதத்தான் சொல்றேன்!"

இப்போது வெளிச்சத்திலேயே வயிறாரச் சாப்பிடுகிறேன், மிக்சிக்கும் டி.வி.க்கும் உறை தைத்தாயிற்று, வளவனூரிலிருந்து அவள் தங்கை தன் கிரைண்டருக்கு அளவு அனுப்பியிருக்கிறாள், ஓரத்தில் சுருக்கு வைக்க வேண்டுமாம்.