கிடங்குத் தலைவர் அபூ ஹாஸிம் காலமானது பற்றி என் தாய்மாமாவுக்கு ஒரு விளக்கம்

இர்பித்,
புதன்கிழமை, மதிய இடைவேளை.

பெரும் மதிப்புக்கும் அதைவிடப் பெரிய பாசத்துக்கும் உரிய தாய்மாமா அபூ ஸுஹைப் அவர்களுக்கு, தங்கள் தங்கை மகன் ராக்கான் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உம்மாவும் உடல் அளவில் நலம். தங்கள் முழங்கால் வலியும் ஆலிவ் மரங்களும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். ஆறு நாளாகத் தாங்கள் ஃபோனை எடுப்பதில்லை. கோபமாக இருப்பதாக உம்மா சொல்கிறார். ஆகவே கரக்குக்குத் தக்காளி ஏற்றிப் போகும் லாரி ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எனக்குப் பெண் கேட்டுப் பெரியவர்கள் கூட்டமாகப் போன ஜாஹாவுக்குத் தங்களைத் தலைமை தாங்க அழைக்காமல், வாப்பா வழியில் பெரியப்பா அபூ நாயிஃபை அழைத்தது எங்கள் குற்றம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று மாமா, தாங்கள் வந்திருந்தால் இருபத்துமூன்றாவது ஆளாகத் தங்கள் மானமும் போயிருக்கும். வருகிற வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு இரண்டாம் முறை போக வேண்டும், தாங்கள்தான் தலைமை தாங்க வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம். அதற்கு முன் நடந்ததை என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். நான் என் வருங்கால மாமனாரைக் கொன்றுவிட்டதாகக் கரக்கில் ஒரு பேச்சு இருக்கிறதாம். அதில் பாதிதான் உண்மை.

நான் மாவு ஆலையில் வேலை பார்க்கிறேன் என்று உம்மா எல்லோரிடமும் சொல்வதால் பலர் நான் கோதுமை அரைப்பதாக நினைக்கிறார்கள். நான் பார்ப்பது ஆலையின் மெயில் சர்வரை. அறுநூற்று நாற்பது பேருக்கும் அதில் ஆளுக்கொரு கணக்கு. ஒவ்வொன்றையும் கையால் திறந்து மூடிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும் என்பதால் கட்டளைகளை வரிசையாக எழுதி ஒரு ஸ்கிரிப்ட் ஆக்கி வைத்திருக்கிறேன். சேர் என்றால் சேர்க்கும், மூடு என்றால் மூடும், ஏன் என்று கேட்காது. நம் வீட்டில் ஒருவரும் என் பேச்சைக் கேட்காத குறை எனக்கு அங்கேதான் தீர்கிறது. வாராவாரம் வியாழக்கிழமை ஊழியர் பிரிவிலிருந்து ஒரு பட்டியல் வரும், ஒரு பக்கம் பெயர், பக்கத்தில் அவருக்கு என்ன நடந்தது என்பது. பிள்ளை பிறந்தது என்றிருந்தால் என் ஸ்கிரிப்ட் பத்து வாரம் விடுப்புப் போட்டு, எழுதுகிறவர்களுக்கெல்லாம் தானாகப் பதிலும் அனுப்பும். ஹஜ் முடித்து வந்தவர் என்றால் ஆலை முழுவதற்கும் வாழ்த்து அனுப்பும். மௌத் என்றிருந்தால் அவர் கணக்கைப் பூட்டும், கம்பெனி இரகசியம் வெளியே போகாதபடி அவர் ஃபோனை மொத்தமாகத் துடைக்கும், பிறகு கறுப்புக் கட்டம் கட்டிய அறிவிப்பை எல்லோருக்கும் அனுப்பும். அந்த அறிவிப்பில் வீட்டு முகவரியையும் துக்கம் விசாரிக்கும் நேரத்தையும் சர்வரே எடுத்துப் போட்டுக்கொள்வது என் சொந்த யோசனை. மேனேஜர் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

போன வியாழக்கிழமை பட்டியலில் பெயர்கள் தாறுமாறாகக் கிடந்தன. மறுநாள் ஜாஹா, முடிதிருத்துபவரிடம் நான்கு மணிக்கு நேரம் வாங்கியிருந்தேன், இருந்தும் என் ஒழுங்கு புத்தி விடவில்லை. பெயர்களை அகர வரிசையில் அடுக்கினேன். பெயர்கள் மட்டும் நகர்ந்தன மாமா. பக்கத்துக் கட்டத்தில் இருந்த நிகழ்வுகள் நின்ற இடத்திலேயே நின்றன. அதாவது அவரவர் தலையெழுத்து அடுத்தவர் தலைக்குப் போய்விட்டது. 'எதையும் செய்யாதே, செய்தால் என்ன ஆகும் என்று மட்டும் சொல்' என்று ஸ்கிரிப்டுக்குச் சொல்ல ஒரு வசதி உண்டு. அதைப் போட்டால் மூன்று பக்கம் பதில் வரும், உட்கார்ந்து படிக்க வேண்டும். நான் போடவில்லை. ஓடவிட்டேன், விளக்கை அணைத்தேன், முடிவெட்டப் போனேன்.

பரிசோதனைக்கூடத்து ஈமான் அம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று நாள். அவர் ஹஜ் முடித்துத் திரும்பியதாக வாழ்த்து போயிற்று. அவருக்குப் போக வேண்டிய பத்து வாரப் பிரசவ விடுப்பு, ஐம்பத்தாறு வயது மெக்கானிக் ஜிர்யீஸுக்குப் போயிற்று. அவருக்கு யார் எழுதினாலும் 'தாயும் சேயும் நலம்' என்று பதில் போயிற்று. மனிதர் மறுப்பே சொல்லாமல் விடுப்பை எடுத்துக்கொண்டார், இன்றுவரை வேலைக்கு வரவில்லை. உண்மையில் மௌத்தானவர், ஓய்வு பெற்றும் கணக்கு மூடப்படாமல் இருந்த எண்பத்துநான்கு வயது எடைமேடைக்காரர் அபூ ரத்வான். அவருக்கு 'உங்கள் புதிய மேசைத் தொலைபேசி எண் 214' என்று கடிதம் போயிற்று. அந்த 214-க்கு உரியவர்தான், மேசை மாறியதைத் தவிர எந்தப் பாவமும் செய்யாத கிடங்குத் தலைவர் ஃபவ்வாஸ், நாம் அபூ ஹாஸிம் என்று கூப்பிடுகிறவர், மறுநாள் நாங்கள் பெண் கேட்கப் போகவிருந்த ஷுரூக்கின் தகப்பனார். மாலை நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு அவர் காலமானார்.

அவருக்கு இது தெரிய வழியே இல்லை. கணக்கு பூட்டியாயிற்று, ஃபோன் துடைத்தாயிற்று. அடுப்புப் பக்கத்தில் வைத்துக் கெடுத்துவிட்டாய் என்று இரவெல்லாம் மனைவியிடம் சண்டை போட்டிருக்கிறார். எனக்கும் தெரியாது. முடிவெட்டியதும் ஃபோனை வீட்டிலேயே மறந்துவிட்டுப் பெரியப்பா சபையில் போர்த்திக்கொள்ள ஆண்கள் மேலங்கி ஒன்று வாங்க அலைந்துகொண்டிருந்தேன்.

வெள்ளியன்று இருபத்திரண்டு பேர் ஒரு சிறிய பஸ்ஸில் போய் இறங்கினால், தெரு முழுக்கக் கார்கள். வாசலிலிருந்து முனை வரை பிளாஸ்டிக் நாற்காலிகளில் எண்பது பேர் தலையைக் குனிந்து உட்கார்ந்து சர்க்கரை போடாத காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா என் தொடையில் கிள்ளினார். "பார்த்தியாடா, நம்ம குடும்பத்துக்கு இந்த ஊர்ல இருக்கிற மரியாதைய! வரவேற்க எத்தன பேரு!" என்றார். வாசலில் நின்றவர் அபூ ஹாஸிமின் அண்ணன் அபூ முனீர். அன்று காலைதான் ஸர்காவிலிருந்து வந்தவர். எல்லோரும் எங்கள் ஆட்கள் என்றே நினைத்துவிட்டார். என்னைத் தனியே இழுத்தார்.

"தம்பி, இருபது பேருன்னுதானே சொன்னீங்க? எண்பது பேரு உக்காந்திருக்கான். குனாஃபா இனிப்பு பத்தாதுடா! அது போகட்டும், ஒவ்வொருத்தனும் என் கையப் புடிச்சு, 'பொறுமையா இருங்க, அல்லாஹ் கூலி தருவான்'ங்கிறான். பொண்ணு கேட்டு வந்த எடத்துல பேசுற பேச்சா இது? உங்க ஆளுங்களே ஒரு மாதிரிதான் போல."

பார்த்தால் எங்கள் ஜெனரல் மேனேஜரே முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், கண் சிவந்து. எனக்காக வந்திருக்கிறார் என்று நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அவர் என் கையைப் பிடித்து, "நீயும் வந்துட்டியா ராக்கான், நல்ல மனசுப்பா உனக்கு" என்றார். நான் அடக்கமாக, "வராம எப்படி சார், இதுக்கெல்லாம் நான்தானே காரணம்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையின் பொருள் பிறகுதான் விளங்கியது.

பெரியப்பாவுக்குக் காப்பி வந்தது. கேட்டதைத் தரும்வரை குடிப்பதில்லை என்ற முறைப்படி அதைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார், தொண்டையைச் செருமினார், நம் வம்சத்தை நான்கு தலைமுறைக்குப் பின்னால் போய் எடுத்துக்கொண்டு வந்து, "உங்க வீட்டுப் பொண்ணு ஷுரூக்க எங்க பையன் ராக்கானுக்குக் கேட்டு வந்திருக்கோம்" என்று முடித்தார். மேனேஜர் துள்ளி எழுந்தார்.

"வெக்கமா இல்லையா பெரியவரே உங்களுக்கு? மனுசன மண்ணுல வெச்சு ஒரு நாள் ஆகல, அதுக்குள்ள பொண்ணு கேக்குறீங்க!"

"யார மண்ணுல வெச்சீங்க?"

"பொண்ணப் பெத்தவரத்தான்!"

அந்த நேரம் பார்த்து, மீசைக்கு மை அடித்து, புது கோட்டுப் போட்டு, அத்தர் மணக்க, அபூ ஹாஸிம் உள்ளேயிருந்து வந்து, "என்னப்பா, எல்லாருக்கும் காப்பி வந்துச்சா?" என்றார். கணக்கர் ஒருவர் சத்தமாகக் கலிமா சொன்னார். பேக்கிங் பிரிவுக்காரர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். மேனேஜர் தன் ஃபோனை நீட்டினார். அபூ ஹாஸிம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் மரண அறிவிப்பைத் தன் வீட்டு முகவரி வரை பொறுமையாகப் படித்தார். கீழே 'அனுப்பியவர்: ராக்கான், சர்வர் பிரிவு' என்று இருந்தது.

"நேத்து என்னக் கொன்னுட்டு இன்னைக்கு என் வீட்டுக்கே வந்து பொண்ணு கேக்குறியா? ஒரு வாரம் பொறுக்க முடியலையாடா உனக்கு?" என்றார். பிறகு, "பெரியவர் முன்னால இருக்கிற காப்பிய எடுத்துட்டுப் போங்க" என்றார். எடுத்துக்கொண்டு போனார்கள் மாமா. துக்கத்துக்கு வந்தவர்கள் கூச்சத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் குனாஃபாவைத் தின்றுவிட்டுப் போனார்கள். பெரியப்பா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

ஞாயிறு காலை முதல் வேலையாக எல்லாவற்றையும் திருப்பிப் போட்டேன், இந்த முறை அந்தச் சோதனை வசதியோடு, மூன்று பக்கத்தையும் இரண்டு தடவை படித்து. அபூ ரத்வானின் வீட்டுக்குத் தனியாகப் போய், ஒருவரும் துக்கத்துக்கு வராமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் மனைவி, "விடுங்க தம்பி, அவரும் கூட்டம் புடிக்காதவருதான்" என்று சொல்லி எனக்குத் தேநீர் தந்தார். அப்போதுதான் உண்மையாகவே அழுகை வந்தது. அபூ ஹாஸிமின் கணக்கைத் திறக்க அவர் கையெழுத்து வேண்டும், "செத்தவன் கையெழுத்துப் போடக் கூடாது" என்று மறுத்துவிட்டார். மேனேஜர் போட்டு, திங்கட்கிழமை அந்தக் கணக்கு உயிர் பெற்றது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் மாமா, எனக்கு ஷுரூக்தான் வேண்டும். அபூ ஹாஸிம் பாஸ்வேர்டை மறக்கும்போதெல்லாம் அவருக்காக எனக்கு ஃபோன் செய்பவள் அவள்தான். நான்கு வருடத்தில் நாற்பத்தொரு முறை மறந்தார். அதில் பத்துப் பன்னிரண்டு முறை அவர் மறக்கவே இல்லை, அவளே வேண்டுமென்று தப்பாக அடித்துப் பூட்டியதாகப் பிறகு சொன்னாள். இப்படி ஒருத்தி எனக்கு வேறெங்கே கிடைப்பாள்? வெள்ளிக்குப் பிறகு அவளிடமிருந்து வந்தது ஒரே செய்தி: "அப்பா சாப்பிட மாட்டேங்கிறாரு. செத்தவனுக்கு எதுக்குச் சோறுன்னு கேக்குறாரு. ஏதாவது பண்ணு."

ஆகவே தாங்கள் வந்து, சபையில் என் சார்பாக முழு மன்னிப்புக் கேட்டு, அவருடைய கணக்கு உயிரோடும் நலத்தோடும் இருக்கிறது, பெட்டியிலிருந்த நாலாயிரத்துச் சொச்சம் கடிதங்களில் ஒன்றுகூடக் குறையவில்லை, இனி எவரும் அவருக்கு எந்நேரமும் எழுதலாம் என்று தங்கள் தாடி மேல் ஆணையிட்டுச் சொல்ல வேண்டும். கரக்கில் எத்தனையோ நிலத்தகராறைத் தீர்த்தவர் தாங்கள். தங்கள் குரலுக்கு அவர் இறங்கிவருவார்.

மாமியின் கைக்கு முத்தம். ஸுஹைபுக்கும் தம்பிமார்களுக்கும் ஸலாம். மன்ஸஃப் விருந்துக்குத் தயிர்க்கட்டி இரண்டு கொண்டு வரும்படி உம்மா சொல்கிறார். அல்லாஹ் தங்கள் முழங்காலுக்கு வலுவையும் நாவுக்கு இனிமையையும் வெள்ளி வரையாவது கோபத்துக்கு ஓய்வையும் தரட்டும்.

தங்கள் துஆவை நாடும்,
ராக்கான்.

பின்குறிப்பு: மாமா, மேலே உள்ளதை யாருக்கும் படித்துக் காட்ட வேண்டாம். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அபூ ஹாஸிமே என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். நான் எழுந்து நின்றேன்.

"உக்காரு. வியாழக்கிழமைலேர்ந்து திங்கக்கிழமை வரைக்கும் ஒருத்தன் என்கிட்ட சாக்கு கேக்கல, சணல் கேக்கல, லாரி டயர் கேக்கல. செத்தவன்கிட்ட எவன் கேப்பான்? முப்பத்தொரு வருசத்துல அப்படி ஒரு நிம்மதிய நான் பார்த்ததில்லடா, கோவத்துல அது எனக்கே தெரியல. திங்கக்கிழமை நீ உயிர் கொடுத்த. இன்னைக்குக் காலைல பார்த்தா இருநூத்தி அறுபது கடிதம். அதுல நாப்பது, நான் உயிரோட இருக்கிறதுக்கு வாழ்த்துச் சொல்லி, அதுக்குக் கீழயே டயர் கேட்டிருக்கான்! திருப்பிக் கொன்னுடு."

"மேனேஜர் கேட்டா என்ன சொல்றது?" என்றேன்.

"சர்வர் ஒத்துக்கலைன்னு சொல்லு, அவருக்கு என்ன தெரியும்? நான் ஓய்வு பெற இன்னும் பதினாலு மாசம். வெள்ளிக்கிழமை உன் ஆளுங்களோட வா, காப்பி ஆறுறதுக்குள்ள பொண்ணு உன்னோடது. ஆனா அந்தப் பதினாலு மாசத்துக்குள்ள எனக்கு உயிர் வந்துச்சு, பொண்ணு எங்க வீட்டுக்குத் திரும்பி வந்துடும்."

ஆகவே தாங்கள் வாருங்கள், தயிர்க்கட்டியோடு வாருங்கள். ஆனால் மன்னிப்பு என்ற பேச்சையே எடுக்க வேண்டாம், அவர் கணக்கு உயிரோடு இருக்கிறது என்று வாய் தவறியும் ஆணையிட்டுவிட வேண்டாம். கட்டளையை அடித்தேன். இந்த முறை ஒரே ஒரு பெயர், பூட்டு மட்டும், அறிவிப்பு இல்லை. 'நிச்சயமாகவா?' என்று சர்வர் கேட்டது. நான் கதவைத் திரும்பிப் பார்த்ததும் அவரே என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி ஒற்றை விரலால் 'ஆம்' என்பதை அழுத்தினார். மரணச் செய்தி கேட்டால் சொல்லும் 'இன்னா லில்லாஹி'யைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். "வா மருமகனே, பசிக்குது, சாப்பிடப் போகலாம்" என்றார்.