இருநூற்றுப் பன்னிரண்டு லிட்டர் பாலும் எழும்பாத சர்வரும்

ஒற்றசேகரமங்கலம்
செவ்வாய்க்கிழமை

அயர்லாந்தின் குளிரில் இருக்கும் அன்பு மகள் ஷிஜிக்கு அப்பா விஜயதாஸ் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் உன் அம்மாவும் இரண்டு பசுக்களும் சுகம். நீயும் மருமகனும் அங்கே அதேபோல இருக்க ஜெபிக்கிறோம். இதைப் போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுமுன், "அப்பா, ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தியளா?" என்பாய். பண்ணினோம். பதினாறு தடவை பண்ணினோம். அதனால்தான், முப்பத்தொரு வருஷம் அடுத்தவர் தபாலைக் கொடுத்துத் திரிந்தவன், இப்போது சொந்தமாக ஒன்று எழுதுகிறேன்.

ஓணத்துக்கு வந்தபோது, உன் பழைய கம்பெனி கழித்துப் போட்ட சர்வரை வாங்கி நம் பால் சங்கத்தில் வைத்துக் கொடுத்தாயே, விஷயம் அதைப் பற்றித்தான். பாலின் கொழுப்பை அளக்கும் மெஷின் அதோடு சேர்ந்தது. அது அச்சடித்த சீட்டு இருந்தால்தான் டேங்கர்காரன் பாலை எடுப்பான். சங்கத் தலைவன் என்ற முறையில் நான் ரிப்பன் வெட்டிய அன்றே, பால் ஊற்ற வந்த பொன்னுதாஸ், "அண்ணே, இது ஒரு நாள் சதிக்கும். அண்ணைக்கு நீங்க தலைவர் ஸ்தானத்த விடணும்" என்றான். "விடுகேன்" என்று நானும் வீராப்பாகச் சொல்லிவிட்டேன்.

போன சனிக்கிழமை சதித்துவிட்டது. முந்தின நாள் மழையில் கரண்டு போய் விடியும்போதுதான் வந்தது. செயலாளர் லேகா சுவிட்சைப் போட்டாள். விசிறி சுற்றுகிறது, பச்சை விளக்கு எரிகிறது, திரையில் மட்டும் கறுப்பில் வெள்ளையாக ஒரே ஒரு வரி. "மாமா, பூட் டிவைஸ் இல்லேண்ணு சொல்லுது" என்றாள். என் காதில் பூட்டு இல்லை என்று விழுந்தது. கதவில் தொங்கிய பூட்டைக் கழற்றிக் கொண்டுவந்து சர்வருக்கு முன்னால் வைத்தேன். லேகா பூட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வெளியே போய்க் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். "மாமா, இதுக்க உள்ள ஒரு டிஸ்க்குல சிஸ்டம் கிடக்கு. அது எங்க கிடக்குண்ணு இதுக்கே தெரியல்ல" என்று பொறுமையாகச் சொன்னாள். உன்னைக் கூப்பிட்டால் உன் போன் ஸ்விட்ச் ஆஃப்.

அமரவிளையிலிருந்து ஜிஜோ வந்தான்; மிக்சி, டிவி, கம்ப்யூட்டர் எல்லாம் பார்ப்பவன். மூடியைத் திறந்து ஊதியதில் தவிட்டுத் தூசி கிளம்பி வரிசையில் நின்ற அறுபது பேரும் தும்மினார்கள். மெமரியை உருவி, லேகாவின் மேசையில் கிடந்த அழிரப்பரால் தேய்த்து மாட்டினான். டிஸ்க்கைக் கழற்றி மாட்டினான். அதே ஒரு வரி. எட்டரைவரை நின்ற டேங்கர்காரன், "பிரிண்ட் இல்லாதெ ஞான் பால் எடுக்கில்ல, சாரே" என்று சொல்லிப் போயே விட்டான். வெயில் ஏறுகிறது, கேன்களில் இருநூற்றுப் பன்னிரண்டு லிட்டர் பால். பொன்னுதாஸ் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். ராஜினாமாக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று நான் மனசுக்குள் எழுதிப் பார்க்கிறேன் மக்கா, அப்போதுதான் உன் அம்மா உள்ளே வந்தாள்.

"இப்பிடி வாயப் பாத்துட்டு நிண்ணா பாலு திரிஞ்சுபோவும். சர்ச்சுல உள்ள வார்ப்ப எல்லாம் எடுத்துட்டு வாங்க. பாயசம் வைக்கலாம்!"

கிறிஸ்துமஸ் விருந்து சமைக்க எடுக்கிற அண்டா போன்ற மூன்று வார்ப்பும் சங்கத்து முற்றத்தில் அடுப்பில் ஏறின. பால் வீணாகிறதே என்று என்னோடு சண்டைக்கு வந்தவர்களே விறகு கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு வீடு அரிசி, சர்க்கரை. அம்மா சர்க்கரை நிறுக்க நீ வாங்கித் தந்த சின்னத் தராசைக் கொண்டுவந்தாள். திரையையே முறைத்துக்கொண்டிருந்த ஜிஜோ திடீரென்று, "எலே, இதுல தேதி இருபது வருசம் முன்ன உள்ளதாக்கும்! இதுக்க உள்ள இருக்க பேட்டரி செத்துப்போச்சு. கரண்டு போனதும் எல்லாத்தையும் மறந்துட்டு!" என்று கத்தினான். ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி வேண்டும். பாறசாலைக்கு ஓடலாமா என்று யோசிப்பதற்குள் அவன் கண் தராசின்மேல் விழுந்தது. பின்னால் திறந்தான், அதே பேட்டரி. அம்மா, "நிறுக்காம எப்பிடிடா இடுவேன்?" என்று கத்த கத்த எடுத்துப் போய்விட்டான். அம்மா கோபத்தில் கைக்கு வந்தபடி அள்ளிப் போட்டாள். அப்படி ஒரு பாயசம் இந்த ஊர் கண்டதில்லை.

ஜிஜோ தேதியைச் சரிசெய்து, எந்த டிஸ்க் என்று காட்டிக் கொடுத்தான். பதினொன்றேகாலுக்கு லேகா, "எழும்பிட்டு! மாமா, சர்வர் எழும்பிட்டு!" என்று கூவினாள். ஒருவரும் திரும்பவில்லை. பஸ்ஸையே நிறுத்திவிட்டு டிரைவரும் பயணிகளும் தம்ளரோடு நிற்கிறார்கள். மெஷினும் மானமாகச் சீட்டு அடித்தது: பால், பூஜ்யம் லிட்டர். பொன்னுதாஸ் நான்காவது தம்ளரை வைத்துவிட்டு என்னிடம் வந்தான். "அண்ணே, தலைவர் நீங்களே இருந்தா மதி, வேற ஆளு வேண்டாம். பாயசத்துல முந்திரிதான் காணாதாக்கும்" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லிக்கொண்டேன்.

ஆகவே மகளே, நீ ஒன்றுக்கும் கவலைப்படாதே. புது பேட்டரி நான்கு வாங்கி என் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன். இனி ஒரு நாளும் இந்தச் சங்கத்தில் பால் நிற்காது. அதற்கு நான் பொறுப்பு. உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காக்கட்டும். மருமகனுக்கு எங்கள் அன்பைச் சொல்.

உன் அப்பா,
விஜயதாஸ்

பி.கு.: புதன் காலை. கடிதத்தை ஒட்டுமுன் கரண்டு போய் வந்தது. சர்வர் மறுபடியும் எழும்பவில்லை. புது பேட்டரியோடு ஓடினேன். முற்றத்தில் விறகு அடுக்கியாயிற்று. பொன்னுதாஸ் குந்தியிருந்து அரிசி கழுவுகிறான். "எலே, ஜிஜோவ விளிச்சியா?" என்று மூச்சிரைக்கக் கேட்டேன். "விளிச்சாச்சு அண்ணே. பைய வந்தா போரும், சாயங்காலம் மதின்னு சொல்லியாச்சு" என்றான்.