ஊறுகாய்க்கடை மாமாவும் ‘காத்திரு’ என்ற எழுத்தும்

மதிப்புக்குரிய செய்கோ மாமாவுக்கு,

குளிர் இறுகிவரும் இந்நாட்களில் தங்கள் முழங்காலும் முள்ளங்கி ஜாடிகளும் நலமாயிருக்க வேண்டுகிறேன். தங்கள் முகத்தை நேரில் பார்க்க வெட்கமாக இருப்பதால் எழுதுகிறேன்.

நம் கடைத்தெரு இந்த ஆண்டைச் சொல்லும், ஒரே எழுத்தே ஒரு சொல்லாகும் சித்திர எழுத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணத்தோடு சீட்டுப் போடச் சொன்னபோது, ‘காத்திரு’ என்று எழுதிப் போட்டேன். பேருந்து நிலைய வேலை முடியாத கோபத்தில் தெருவே அதைத்தான் எழுதியிருக்கும் என்றோ, கோயில் குருக்கள் பெரிய தூரிகையால் அதை எழுதி முடித்ததும், காரணத்தை உரக்க வாசிக்க நடந்த குலுக்கலில் என் சீட்டே வரும் என்றோ நான் எப்படி நினைப்பேன்? பெயரை வாசிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில், காரணத்துக்கு ஓர் உதாரணம் வேண்டுமே என்று, “ஊறுகாய் விற்கும் என் மாமா, அத்தை கோபித்துக்கொண்டு போன நாளிலிருந்து இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு கிண்ணம் வைத்துக் காத்திருக்கிறார்” என்று எழுதிவிட்டேன். ஒலிபெருக்கி அதைத் தெருக்கோடி வரை சொன்னபோது தாங்கள் இலவச இனிப்புப் பயற்றுக் கஞ்சிக்கு வரிசையில் நின்றீர்கள்.

மீன்கடை ஹமாதா அம்மா திரும்பி, “ஏம்ப்பா செய்கோ, இது நீதானே?” என்றார்.

“அது வேற ஊறுகாய்க்கடைங்க.”

“இந்தத் தெருவுல இருக்கறதே ஒண்ணுதானே. சரி, இன்னொரு கரண்டி ஊத்திக்கோ, பாவம்.”

தாங்கள் கிண்ணத்தை வைத்துவிட்டு நடந்ததும் நான் கூட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இனி எவர் வீட்டு விஷயத்தையும் வெளியே சொல்ல மாட்டேன். மன்னித்து, புத்தாண்டுக்கு என்னை வீட்டுக்குள் விடுவீர்களா?

வரும் ஆண்டு தங்களுக்கு அமைதியாக அமையட்டும்.

தலைகுனிந்து,
கோதோனே

பி.கு.: என் மரியாதைச் சொற்களை எப்போதும் அத்தைதான் திருத்துவார். பழக்கதோஷத்தில் இந்தக் கடிதத்தையும் முதலில் அவருக்கே அனுப்பிவிட்டேன். அவர் ஒன்றையும் திருத்தவில்லை. தொலைபேசியில் அழைத்து, “புத்தாண்டு மொச்சிக் கொழுக்கட்டைக்கு வெந்த அரிசிய இடிக்கறது அவரு, சரி. உரலுக்குள்ள கையை விட்டுத் திருப்பிப் போடறது யாருடி? அவரு வேகம் தெரியாதவங்க கை வெச்சா விரல் மிஞ்சாது,” என்றார். சனிக்கிழமை வருகிறாராம். மாமாவிடம் மட்டும் மூச்சு விடாதே என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்.