ராகு காலத்துக்கு முன்னால் ஒரு ரவுட்டர்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொருளைச் சும்மா விடத் தெரியாத ஆள் வீட்டுக்கு ஒருவர் இருப்பார். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் அந்தப் பதவி என்னுடையது.

தங்கை வைதேகியைச் சிங்கப்பூர் மாப்பிள்ளை வீடியோ காலில் பெண் பார்க்க இருந்த சனிக்கிழமை அது. படம் நடுவில் நின்றுவிட்டால் என்ன ஆவது என்று எனக்கு ஒரே கவலை. (வேறு யாருக்கும் இல்லை.) அதனால் வைஃபை ரவுட்டருக்குள் கம்பெனி போட்டுத் தந்த மென்பொருளைத் துடைத்துவிட்டு, வெளியார் எழுதி இலவசமாகக் கொடுக்கும் இன்னொன்றை ஏற்றத் தீர்மானித்தேன். வேகம் பறக்கும் என்று இணையத்தில் முகம் தெரியாத ஒருவர் சத்தியம் செய்திருந்தார்.

"ஒம்போதுக்கு ராகு காலம்டா. எதுவானாலும் அதுக்குள்ள ஆரம்பிச்சுடு" என்றாள் அம்மா.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்பதாகப் போகிறது. ரவுட்டரைத் திருப்பி, அடியில் எந்த வெர்ஷன் என்று போட்டிருக்கிறது எனப் பார்த்து, அதற்குப் பொருந்துவதைத்தான் ஏற்ற வேண்டும். அதற்கெல்லாம் ஏது நேரம் என்று பட்டனை அமுக்கிவிட்டேன். நல்ல வேளையில் தொடங்கிய காரியம் ராகு காலத்தில் முடிந்தது, ரவுட்டரின் ஆயுளோடு சேர்த்து. நான் ஏற்றியது வேறு வெர்ஷனுக்கானது. ஒரே ஒரு சிவப்பு விளக்கு மட்டும் என்னை முறைத்துக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டுக்குள் செல்போன் சிக்னல் வராது. ஆகவே பத்தரைக்கு வைதேகி பட்டுப்புடவையோடு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், வெயிலில் நின்றாள். அம்மா குடை பிடித்தாள். போனில் மாப்பிள்ளை வந்துவிட்டது தெரியாமல் தங்கை என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னை யாரு அதை நோண்டச் சொன்னா? இந்தக் கல்யாணம் நின்னுதுன்னா ஆயுசுக்கும் உன்னோட பேச மாட்டேன்!"

எனக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. போனிலிருந்து மாப்பிள்ளை கேட்டார்: "எதை நோண்டினார்?"

சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அடியில வெர்ஷன் பார்த்தேளா? நானும் பார்க்காம ஏத்தி ஒண்ணைக் கொன்னிருக்கேன்!"

அதற்கப்புறம் பெண்ணை விட்டுவிட்டு என்னிடமே பேசிக்கொண்டிருந்தார். "பொண்ணைப் பாருடா!" என்று அவருடைய அம்மா பின்னாலிருந்து தலையில் அடித்துக்கொண்டார். வைதேகி சிரித்துவிட்டாள்.

கல்யாணம் நடந்தது. "பொண்ணு பார்க்க வந்தவர் ரவுட்டரைத்தான் பார்த்தார்" என்று அவள் இன்றும் எல்லோரிடமும் சொல்கிறாள். சமீபத்தில் சிங்கப்பூர் போயிருந்தேன். அவள் வீட்டில் வைஃபை இருந்தது, ரவுட்டர் மட்டும் கண்ணில் படவில்லை. நான் வருகிறேன் என்று தெரிந்ததும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாளாம்.

சாவி எங்கே என்று மாப்பிள்ளையிடம் ரகசியமாகக் கேட்டேன்.

"தெரிஞ்சா நான் இப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பேனா?" என்றார்.