உள்ளே விட்ட கேட்

தேர்வாய் கண்டிகையின் அத்தனை தொழிற்சாலைகளையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் ‘திருப்பிப்பாரு’ அண்ணனைப் போல் இன்னொருவர் சிக்க மாட்டார். எங்கள் கம்ப்யூட்டர் அறையில் என் சீனியர். எதையும் இரண்டு பக்கமும் சோதிக்காமல் விடமாட்டார். கதவை வெளியே நின்று தள்ளிப் பார்ப்பார். உள்ளே போய் இழுத்தும் பார்ப்பார். கேன்டீனில், “இட்லி மேல சாம்பார் ஊத்தினாலும், சாம்பார்ல இட்லி போட்டாலும் ஒரே டேஸ்ட்டா?” என்று மாஸ்டரைப் பேஜார் பண்ணுவார்.

நான் அப்போது வேலைக்குப் புதுசு. ஒரு தப்பு செய்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த நேரத்தில்தான், ஊழியர் அட்டையைப் படித்து ஆளை விடும் நுழைவாயில் இயந்திரத்துக்குப் புது நிரல் எழுதினேன். அட்டை எண்ணை வைத்துக்கொள்ள, கணினி மொழியில் ஏற்கெனவே இருக்கும் ஸ்ட்ரிங் என்ற எழுத்துச் சரத்தை விட்டுவிட்டு, சொந்தமாக ஒரு வகை வேறு, அவ்வளவு திமிர். காலையில் எல்லாரையும் பச்சை விளக்கு போட்டு உள்ளே விட்டது. மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்தபோது ஒருவரையும் வெளியே விடவில்லை.

வரிசையில் முதலில் நின்றது, ஷிப்ட் முடித்து வந்த ஸ்டெல்லா. ஐந்து மணிக்கு ஆரம்பாக்கத்தில் அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது.

“மாப்ள ஊட்டுக்காரங்க வர்ற நேரத்துல நான் இங்க கம்பிய புட்சிகினு நிக்கவா?” என்று கத்தினாள்.

“சிஸ்டம் சொல்லாம ஈ காக்கா கூட போவாது” என்றார் செக்யூரிட்டி.

நான் அண்ணனைக் கூப்பிட்டேன். அண்ணன் நிரலைப் பார்த்தார்.

“உள்ள வர சொல்லோ அட்டைய ஆளுங்க லிஸ்ட்டோட ஒப்பிட்ற. வெளிய போ சொல்லோ லிஸ்ட்ட அட்டையோட ஒப்பிட்ற. ரெண்டும் ஒண்ணா நைனா?”

“ஒண்ணுதானேண்ணா?”

“ஒண்ணா இருக்கணும். நீ எழுதினதுல இல்ல.”

அட்டை எண்களின் கடைசியில், லிஸ்ட்டில் இல்லாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒப்பிடும்போது இடது பக்கம் இருப்பதிலிருந்து மட்டும்தான் அதை நான் நீக்கியிருந்தேன். அட்டை இடப்பக்கம் வந்தால் சமம், வலப்பக்கம் போனால் வேறு. இரண்டு பக்கமும் நீக்கும்படி அண்ணன் ஒரே வரியில் மாற்றினார். பச்சை எரிந்தது. ஸ்டெல்லா வெளியே ஓடினாள்.

“ஏம்மா, நில்லு! திரும்ப உள்ள வா!”

“இன்னாத்துக்கு?”

“போனா மட்டும் போதுமா? வரவும் முடியுதான்னு பாக்க வேணாவா?”

அவள் உள்ளே வந்து, மறுபடி வெளியே போய், அண்ணனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பஸ் ஏறினாள். மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். “யார் எழுதின புரோகிராம் அது?”

நான் வாயைத் திறப்பதற்குள், “நாந்தான் சார்” என்றார் அண்ணன். கால் மணி நேரம் தலையைக் குனிந்துகொண்டு திட்டு வாங்கினார்.

வெளியே வந்ததும், “ஏண்ணா இப்படிச் சொன்னீங்க?” என்றேன்.

“நீ எழுத சொல்லோ பக்கத்துலதான குந்திகினு இருந்தேன்? எட்டிப் பாக்கல. அப்ப அது என் தப்புதான். வா, டீ குடிக்கலாம்.”

கூடப் பிறந்த அண்ணன் எனக்கு யாரும் இல்லை. ஆனால் அண்ணன் இல்லை என்று அதற்கப்புறம் நான் யாரிடமும் சொன்னதில்லை.