கிளாரினெட் குறித்து தாய்மாமன் அளிக்கும் மதிப்பீட்டு அறிக்கை

கள்ளக்குறிச்சி
14.07.2025

அன்புள்ள மருமகன் பிரிட்டோவுக்கு,

தாய்மாமன் சேவியர்ராஜ் எழுதிக்கொண்டது. மாதாவின் காவல் சிங்கப்பூரில் உன் பதினேழாவது மாடி வரை எட்டுவதாக. நீயும் டயானாவும் நலமா? இங்கே யாவரும் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவது வழக்கம். அந்த வரியை மட்டும் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

போன மாதம் வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய ஏழு குரல் பதிவுகளுக்கும் நீ கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தாய். ஏழில் ஐந்து உன் அம்மாவின் உடல்நிலை பற்றியவை. ஆகவே இம்முறை தபாலில் எழுதுகிறேன். தபாலுக்குக் கட்டைவிரல் காட்ட வசதி இல்லை.

நீ சென்னைக் கடையில் வாங்கி அனுப்பிய புதிய கிளாரினெட் வந்து சேர்ந்தது. கூடவே கடைக்காரரின் மதிப்பீட்டுப் படிவமும் இருந்தது. அதைப் பூர்த்தி செய்யும்படி நீ கேட்டிருந்தாய். முப்பத்தொரு வருடம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதியவனிடம் படிவத்தைக் கொடுப்பது நல்ல யோசனைதான். ஆனால் ஈஸ்டர் அன்று அக்கா உன்னிடம் போனில் பேசியபோது நான் பக்கத்தில் இருந்தேன். "உங்கப்பா கொழலு வெடிச்சிப்போச்சுடா, சைக்கிள் டியூப சுத்திக்கினு ஊதறானுங்க. என் சாவுக்கும் அதத்தான் ஊதுவானுங்க போல கீது" என்றாள். அதை ஒரு கோரிக்கையாக நீ எடுத்துக்கொண்டாய், சரிதான். என்ன கோரிக்கை என்பதில்தான் நீ கிளாரினெட் என்று முடிவு செய்துவிட்டாய். கருவிக்கு ஒரு வருட உத்தரவாதம் கொடுத்திருக்கிறார்கள். அக்காவின் சிறுநீரகத்துக்கு டாக்டர் செப்டம்பரில் வரும் மாதா பிறப்புத் திருவிழா வரைக்கும்கூடக் கொடுக்கவில்லை.

படிவத்தின் முதல் கேள்வி, கருவி வாசிப்பவரின் தகுதிக்கு ஏற்றதா என்பது. பெட்டியின் மேல் 'இடைநிலை வாசிப்பாளருக்கு' என்று அச்சிட்டிருந்ததை நான் கொளஞ்சியப்பனுக்குப் படித்துக் காட்டியது என் தவறு. உன் அப்பாவுக்குத் துணையாக ஊதிக்கொண்டிருந்து, அவர் இறந்த பிறகு நம் பங்குக் கோவில் பேண்டில் அவர் குழலையே ஊதுகிறவர் கொளஞ்சியப்பன்தான் என்பது உனக்குத் தெரியும். பேண்டில் அவர் ஒருவர்தான் இந்து. மாதா கோவில் பாட்டெல்லாம் அவருக்குத்தான் பிழையில்லாமல் தெரியும். அவர் இரண்டு நாள் கருவியைத் தொடவில்லை. "இருவத்தாறு வருசமா ஊதிக்கினு கீறேன். எந்தப் பொணமும் இதுவரைக்கும் கொற சொன்னதில்ல. நான் இடைநிலையா?" என்று கேட்டார். மூன்றாம் நாள், இடைநிலை என்பது கருவியின் நிலை, உங்கள் நிலை அல்ல என்று நான் எழுத்துமூலம் கொடுத்த பிறகே பெட்டியைத் திறந்தார். படிவத்தில் 'ஏற்றதல்ல' என்று எழுதியுள்ளேன்.

இரண்டாவது கேள்வி பராமரிப்பு பற்றியது. மரத்தால் செய்த புதுக் கருவி என்பதால் முதல் இரண்டு வாரம் ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஊதக் கூடாது, வெயில் படக் கூடாது, குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும் என்று விளக்கப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. இதை எழுதியவர் உளுந்தூர்பேட்டையில் ஜூன் மாதத்தில் சாவு பார்த்தவர் அல்ல. அங்கே ஒரு லாரி முதலாளி இறந்து நம் பேண்டை அழைத்திருந்தார்கள். கொளஞ்சியப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்து சரியாகப் பத்து நிமிடம் ஊதினார். பிறகு குளிர்ச்சியான இடம் தேடினார். அந்தத் தெருவிலேயே குளிர்ச்சியான இடம் ஒன்றுதான், அதில் லாரி முதலாளி படுத்திருந்தார். மாலை போடுவதற்காக ஐஸ் பெட்டியைத் திறந்த சமயம் பார்த்து, கொளஞ்சியப்பன் கிளாரினெட்டைத் துணியில் சுற்றி அவருடைய கால்மாட்டில் வைத்துவிட்டார். துணி நழுவியது. கண்ணாடி வழியாக அதைப் பார்த்த முதலாளியின் மனைவி பாப்பாத்தி, "முப்பது வருசம் கூட இருந்தேன், இதெல்லாம் வாசிப்பன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்று அழத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் ஒப்பாரியில் அது ஒரு அடியாகவே சேர்ந்துவிட்டது. அவருடைய லாரி டிரைவர்கள் இருவர், ராத்திரி வண்டியில் முதலாளி சீட்டி அடிப்பார் என்று சாட்சி சொன்னார்கள். மூத்த மகன் சிவசங்கர், அப்பா ஆசைப்பட்ட பொருள் அப்பாவோடு போகட்டும் என்று உத்தரவு போட்டார். கொளஞ்சியப்பன் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். குழி வரை போன பிறகு நான் ரசீதைக் காட்டி, கருவியின் எண்ணையும் ரசீதின் எண்ணையும் கூட்டத்துக்கு முன்னால் ஒப்பிட்டு மீட்டு வந்தேன். அந்த அம்மாள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு மணி நேரம் அவருக்குப் புதிதாக ஒரு கணவர் கிடைத்திருந்தார், அவரையும் நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். படிவத்தில் 'பராமரிப்பு கடினம்' என்று எழுதியுள்ளேன்.

மூன்றாவது, சுருதி. இதுதான் பெரிய குறை. வெள்ளிமலையில் ஓர் அடக்கத்துக்கு ஜீப்பில் போயிருந்தோம். கல்லறைப் பாட்டை எடுத்ததும் கிளாரினெட் ஒரு பக்கமும் மீதி பேண்டு ஒரு பக்கமும் போயின. அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பேண்டு மாஸ்டர் செல்போனில் சுருதி பார்க்கும் செயலியை வைத்துச் சோதித்தார். செல்போன் கிளாரினெட் பக்கம் சாய்ந்தது. செல்போனும் ரிப்பேர் என்றார் அவர். விஷயம் என்னவென்றால், உன் அப்பாவின் குழல் வருடா வருடம் காற்று ஒழுகிக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க, ஊதுகிறவர் மனம் நோகக் கூடாது என்று டிரம்பெட்டுக்காரர்கள் முதல் எல்லாரும் கூடவே இறங்கியிருக்கிறார்கள். இருபது வருடமாக இந்த வட்டாரத்தில் எல்லாரும் அந்தத் தப்பான சுருதியில்தான் அடக்கமாகியிருக்கிறார்கள். இப்போது சரியான ஒன்று வந்து நின்றால் அதுதான் தப்பாகக் கேட்கிறது. பேண்டு கமிட்டி கூடி, பதினொன்றுக்கு ஒன்று என்ற வாக்குக் கணக்கில் கருவி பழுது என்று தீர்மானித்தது.

கடைசியாக ஒலி. இதற்கு அக்காவைத்தான் கேட்டேன். உன் அப்பா ஊதியதை நாற்பது வருடம் கேட்டவள். கொளஞ்சியப்பன் தினமும் சாயங்காலம் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, அவளை அடக்கம் செய்யும்போது வாசிக்க வேண்டிய பாட்டை அவளிடமே வாசித்துக் காட்டுகிறார். அவள் கண்ணை மூடிக்கொண்டு திருத்தம் சொல்கிறாள். புதுக் குழலைக் கேட்ட முதல் நாள், "சளி இல்லாத ஆளு அழுவுற மாதிரி கீதுடா" என்றாள். நான் அதைக் குறையாகப் பதிவு செய்தேன்.

ஆக மொத்தம் கருவி மாற்றத்தக்கது. விற்பனை விதி ஏழின்படி, வாங்கிய முப்பது நாளுக்குள், வாங்கியவரே கருவியைச் சென்னைக் கடைக்கு நேரில் கொண்டுவந்து கொடுத்தால்தான் மாற்றித் தருவார்கள். வாங்கியவர் நீ. இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நாலு மணி நேரம் என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை. மழை இல்லை. உன் உத்தியோகமும் குடும்பமும் மேலும் மேலும் தழைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்
சேவியர்ராஜ்

பின்குறிப்பு: எழுதிய பத்திரத்தைக் கையெழுத்துக்கு முன் சம்பந்தப்பட்டவருக்கு வாசித்துக் காட்டுவது என் தொழில் வழக்கம். இதில் கையெழுத்துப் போட்ட பிறகே அக்காவுக்கு வாசித்தேன், பயம்தான் காரணம். முழுவதும் கேட்டுவிட்டு, "கொழலு நல்லாத்தான கீது, இன்னாத்துக்குடா பொய் எழுதற?" என்றாள். சளி இல்லாத அழுகை என்று அவள் சொன்னது பாராட்டாம். விதி ஏழை விளக்கினேன், குறை இருந்தால் பிரிட்டோ நேரில் வந்தாக வேண்டும் என்றேன். அதற்கு அக்கா சொன்னது:

"வரமாட்டான்டா. இது கெடக்கட்டும்னு இன்னொன்னு வாங்கி அனுப்பிருவான். வூட்ல ரெண்டு கொழல வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? நல்லா கீதுன்னே எழுது."

ஆகவே மேலே கண்ட குறைகள் யாவும் ரத்து. பேண்டுக்காரர்கள் பழைய சுருதியிலிருந்து ஏறி வந்து புதுச் சுருதியில் நின்று ஒரு வாரம் ஆகிறது. கொளஞ்சியப்பன் அதைத் தன் பிள்ளையைப் போல் துடைத்து வைக்கிறார். மாற்று எதுவும் அனுப்ப வேண்டாம்.

முதலில் தள்ளி வைத்த வரி இது: கிளாரினெட் நலம். நானும் நலம். உன் அம்மா நலமில்லை.